பெங்களூருக்குக் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

ஊரில் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பழகியவர்கள் பெங்களூரில் குடிவந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பது, "இங்க அந்த மாதிரி ஆபீஸ் எங்கண்ணா இருக்கு?" என்பதுதான். "பெங்களூர் ஒன் போங்க, எல்லாம் அங்கேயே முடிஞ்சிடும்" என்று பதில் வரும். நம்பிப் போனால் கரண்ட் பில் கட்டலாம், தண்ணீர் பில் கட்டலாம், டிராஃபிக் அபராதம் கட்டலாம், சில அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பமும் போடலாம். கைக்குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எங்கே, ஊர் ரேஷன் கார்டு இங்கே செல்லுமா, மூத்தவனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்குவார். அது அவர் வேலையும் இல்லை.

2005 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய பெங்களூர் ஒன், பல துறைகளின் பில்லையும் விண்ணப்பத்தையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்த மையம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது பில் கட்டும் இடம் மட்டுமா? பிள்ளைக்கு அங்கன்வாடி, உடம்புக்கு 'நம்ம கிளினிக்' என்ற அரசு மருத்துவமனை, சான்றிதழுக்கு வருவாய்த் துறையின் 'நாடகச்சேரி' அலுவலகம், அரிசிக்கு ரேஷன் கடை, வேலைக்குத் தொழிலாளர் நல வாரியம், வீட்டில் அடிதடி என்றால் சகி மையம் என்று இந்த ஊரில் கதவுகள் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒரு கதவில் கிடைக்கும் தாள்தான் அடுத்த கதவைத் திறக்கும். அதனால் எங்கே போவது என்பதைவிட, எதற்குப் பிறகு எங்கே போவது என்பதுதான் முக்கியம்.

எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் மாதம் 2000 ரூபாய் தரும் கிருஹலட்சுமியில் தொடங்குவார்கள். அதுதான் காதில் விழுந்திருக்கும். அது கடைசியில் வர வேண்டியது. தொடங்க வேண்டிய இடம் அங்கன்வாடி.

புறப்படும் முன்: தாளும் போனும்

ஆதார், ஊர் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக், சாதிச் சான்று, வாக்காளர் அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஜெராக்ஸ், நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இது எல்லோருக்கும் தெரிந்த பட்டியல். தெரியாமல் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில்.

ஒன்று, போன் நம்பர். ஈஜிபுரா பக்கம் ஒரு கவுண்டரில் பார்த்தது இது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறார். உள்ளே இருப்பவர் "ஓடிபி ஹேளி மேடம்" (ஓடிபி சொல்லுங்க) என்கிறார். இவர் போனில் எதுவும் வரவில்லை. ஆதாரில் இருப்பது மாமனாரின் நம்பர். அவர் போளூர்ப் பக்கம் காட்டு வேலையில் இருக்கிறார், அடித்தால் எடுக்கவில்லை. எடுத்தபோது, "மெசேஜ்ல என்னம்மா இருக்குது, எனக்குப் படிக்கத் தெரியலையே" என்கிறார். பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுப் படிக்கச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. வரிசை அடுத்த டோக்கனுக்கு நகர்ந்துவிட்டது. உங்கள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழையதாக இருந்தால் வேறு எந்த வேலைக்கும் முன் ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சில தபால் நிலையங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இந்த கவுண்டர் உண்டு.

இன்னொன்று, நம் இனிஷியல். ஆதாரில் 'முருகன் எஸ்', ரேஷன் கார்டில் 'முருகன்', பள்ளிச் சான்றில் 'எஸ். முருகன்', பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்து 'முருகன் சுப்பிரமணி'. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். இருப்பதிலேயே திருத்தச் சுலபமானதைத் திருத்தி, ஆதாரோடு ஒத்துப்போக வைத்துவிடுங்கள். முக்கியமாக வீட்டுப் பெண்ணின் பெயரை. திட்டப் பணம் பெரும்பாலும் அவர் பெயரில்தான் வரும்.

முதல் படி: அங்கன்வாடி

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற பல இடங்களில் கர்நாடக முகவரி கேட்பார்கள். ஆறு வயதுக்குள் பிள்ளை இருந்தாலோ, வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தாலோ அங்கன்வாடியில் வெளியூர்க் குடும்பம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. கர்நாடகத்தில் அது மைசூர்ப் பக்கம் டி. நரசிபுரா. சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, ஆலோசனை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை என ஆறு சேவைகள் அப்போதே ஒன்றாகக் கட்டப்பட்டவை. குடும்பத்துக்கு ஒரே இடத்தில் எல்லாம் என்ற யோசனைக்கு உண்மையிலேயே பக்கத்தில் வருவது, குளிரூட்டிய கவுண்டரும் டோக்கன் மெஷினும் இல்லாத இந்த ஒற்றை அறைதான் என்பது என் கட்சி.

ஊரில் அங்கன்வாடியில் பெயர் இருந்தால் புறப்படும் முன் அந்த டீச்சரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டு மாநிலத்திலும் பதிவு 'போஷண் டிராக்கர்' என்ற ஒரே செயலியில்தான் இருக்கிறது. அங்கிருந்து இங்கே மாற்ற வழி இருக்கிறது. சொல்லாமல் வந்தால், அங்கே பெயர் இருப்பதால் இங்கே புதிதாகச் சேர்க்க முடியாமல் டீச்சர் திண்டாடுவார். பிள்ளையின் ஆதார் இல்லையென்றால் அம்மாவின் ஆதாரோடு போங்கள்.

போகும் நேரம் காலை பத்துக்கு மேல். அதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கும் அமளியில் யாரும் உங்கள் பேச்சைக் கேட்க முடியாது. முதல் நாளே எடை போடுவார்கள். சுவரில் ஒட்டிய அளவுகோலில் உயரம் பார்ப்பார்கள். எடை குறைவு என்று சொன்னால் முகம் வாடாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். பயண அலைச்சலில் பிள்ளை இளைப்பது சகஜம். அந்த அளவு பதிவானால்தான் அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

டீச்சரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தத் தெருவின் 'ஆஷா' என்ற சுகாதாரப் பணியாளர் யார், தடுப்பூசி நாள் எது, பக்கத்து நம்ம கிளினிக் எங்கே. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி ஊர் உங்கள் கையில். ஆஷாக்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். எந்த ரேஷன் கடைக்காரர் சிடுமூஞ்சி, எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். பிரசவம் இங்கேயா, தாய் வீட்டிலா? பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5000 ரூபாய் இரண்டு தவணையாகவும், இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6000 ரூபாயும் உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குள்ளேயே இந்தப் பணமும் சேர்ந்துவிடுகிறது. ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் இங்கே மறுபடி பதிய முயலாதீர்கள். ஒரே ஆதாரில் இரண்டு பதிவு சிக்கினால் இரண்டு பக்கமும் நின்றுபோகும். பதிவு எங்கே இருந்தாலும் மாதாந்தரப் பரிசோதனை இங்கேயே செய்துகொள்ளலாம். இங்கே கர்ப்பிணிக்குத் தருவது 'தாயி கார்டு'. ஊரில் கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த ஆர்.சி.எச். எண்ணை அதன் மேலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: முகவரி

முகவரிக்கு அடிப்படை வாடகை ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கு இ-ஸ்டாம்ப் தாளில் போடுவது இங்கே வழக்கம். நம் ஊரில் போக்கியம் என்பதை இங்கே 'லீஸ்' என்பார்கள். லீஸில் இருந்தாலும் தாள் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள், குடிபோன பிறகு கேட்டால் ஓனர் நாளை நாளை என்பார். ஒப்பந்தத்தில் கணவன் பெயர் மட்டும் போடாமல் மனைவி பெயரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வரி கூடுதல். பிற்பாடு பத்து அலைச்சல் மிச்சம்.

ஓனர் தாள் தர மறுத்தால்? ஆதார் ஆணையமான யு.ஐ.டி.ஏ.ஐ. தரும் அச்சிட்ட சான்றுப் படிவத்தில் எம்.எல்.ஏ., எம்.பி., அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்டால் ஆதார் முகவரி மாற்றலாம். கவுன்சிலரும் கையெழுத்திடலாம் என்று படிவத்தில் இருக்கும். ஆனால் பெங்களூரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் வெகுகாலம் கவுன்சிலரே கிடையாது. எம்.எல்.ஏ. அலுவலகம் காலையில் திறந்திருக்கும் நேரத்தில் போவதுதான் நடைமுறை வழி. வீட்டில் ஒருவருக்கு முகவரி மாறிவிட்டால் போதும், குடும்பத் தலைவர் ஒப்புதலோடு மற்றவர்களுக்கு ஆன்லைனிலேயே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு உறவைக் காட்டும் தாள் வேண்டும். கல்யாணப் பதிவுச் சான்று இல்லாத ஜோடிகள் ஊர் ரேஷன் கார்டைக் காட்டலாம்.

முகவரி மாறியதும் வீட்டுப் பெண்களுக்கு அன்றைக்கே கிடைப்பது 'சக்தி'. 2023 ஜூன் 11 முதல், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டும் பெண்களுக்கு சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. கண்டக்டர் ஜீரோ டிக்கெட் தருவார், வாங்காமல் உட்காராதீர்கள். ஏ.சி. பஸ்ஸுக்குப் பொருந்தாது. ஓசூர் போகிறவர்கள் கவனிக்க: சலுகை கர்நாடக எல்லைக்குள் மட்டும்தான். வீட்டு வேலைக்கு நாலு இடம் போய்வரும் பெண்களுக்கு இது சம்பள உயர்வு மாதிரி.

ஓர் எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 2 அன்று பி.பி.எம்.பி. என்ற பழைய பெங்களூர் மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது: மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. போர்டிலும் ரசீதிலும் பழைய பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ரேஷன் கார்டை வெட்டலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டு ஊர் கார்டில் பெயரை நீக்கிவிட்டு, இங்கேயும் கார்டு கிடைக்காமல் அந்தரத்தில் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

முதலில் உங்கள் கார்டில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். என்றோ, அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்தோ இருந்தால் அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் அதை வைத்தே பெங்களூரில் எந்த ரேஷன் கடையிலும் விரலை வைத்து வாங்கலாம். பி.எச்.எச். கார்டுக்கு ஆளுக்கு 5 கிலோ, ஏ.ஏ.ஒய். கார்டுக்கு குடும்பத்துக்கு 35 கிலோ, காசில்லாமல். மாமியார் ஊரில் அவர்கள் பங்கை வாங்க, நீங்கள் இங்கே உங்கள் பங்கை வாங்கவும் வழி உண்டு. கர்நாடகம் தன் பங்காகக் கூடுதலாகக் கொடுப்பது உங்களுக்கு வராது. தமிழ்நாட்டின் பருப்பும் பாமாயிலும் இங்கே வராது. தானியம் மட்டும்.

என்.பி.எச்.எச். என்று இருந்தால் இந்த ஏற்பாடு பொருந்தாது. ஊரில் அதே கார்டுக்கு அரிசி கிடைத்துக்கொண்டிருந்ததால் பலருக்கு இது புரிவதில்லை. அங்கே கிடைத்தது மாநில அரசின் கணக்கில். இங்கே மெஷினில் ஒன்றும் காட்டாது. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயன் இல்லை.

பி.எச்.எச். கார்டு வைத்திருந்தும் "தமிழ்நாடு கார்டு நடக்காது" என்று சொன்னால், சண்டைக்குப் போகாமல் "ஒன் நேஷன், மெஷின்ல பாருங்க சார்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் 14445-க்கு அடியுங்கள். மாதத்தின் கடைசி நாட்களில் போகாதீர்கள். அப்போது ஸ்டாக் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்.

இனி பெரிய கேள்வி. இங்கே கார்டு மாற்றினால் கிருஹலட்சுமி 2000 ரூபாய், ரேஷன், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆரோக்கிய கர்நாடகா. அங்கே கார்டு போனால் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய், பொங்கல் பரிசு, ஊரில் உள்ள காப்பீடு. கூட்டிக் கழித்தால் இங்கே லாபம் என்று தோன்றும். ஆனால் கணக்கு அவ்வளவு நேர் இல்லை. கர்நாடகத்தில் புதிய கார்டுக்கான விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது. சில நாள் திறப்பார்கள், மூடிவிடுவார்கள். ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்க முடியாது என்பதால், ஊரில் நீக்கிய சான்று கொடுத்தால்தான் இங்கே சேர்ப்பார்கள். வருமானச் சான்றும் கேட்பார்கள். நடுவில் எத்தனை மாதம் கார்டே இல்லாமல் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

என் அபிப்பிராயம் இதுதான். கட்டட வேலைக்கு வந்து சைட் மாறிக்கொண்டே இருப்பவர்கள், அறுவடைக்கும் திருவிழாவுக்கும் மாதக்கணக்கில் ஊர் போகிறவர்கள், ஊர் கார்டை வெட்ட வேண்டாம். பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்தாயிற்று, ஓனர் ஒப்பந்தம் கொடுத்துவிட்டார், இனி இங்கேதான் என்று முடிவானவர்கள் மாற்றலாம். அவர்களும் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பெங்களூர் ஒன்னிலோ உணவுத்துறை அலுவலகத்திலோ நேரில் உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே ஊரில் நீக்கச் சொல்ல வேண்டும். "நீங்க மொதல்ல அங்க கேன்சல் பண்ணுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள். பெயர் போவது உங்களுக்கு, அவருக்கு இல்லை.

நான்காம் படி: இப்போது பெங்களூர் ஒன்

முகவரியும் கார்டும் சரியான பிறகு போனால் ஒரே நாளில் இரண்டு மூன்று வேலை முடியும். கிருஹலட்சுமிக்கு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவரோ கணவரோ வருமான வரி கட்டுபவராகவோ ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்பவராகவோ இருக்கக் கூடாது. பணம் பாஸ்புக் ஜெராக்ஸில் இருக்கும் கணக்குக்கு வராது; ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். ஊரில் எப்போதோ தொடங்கி மறந்துபோன ஜன்தன் கணக்கில் மாதாமாதம் சேர்ந்துகொண்டிருக்க, இங்கே "பணமே வரல" என்று கவுண்டர் கவுண்டராக அலைவார்கள். வங்கியில் ஆதார் இணைப்பைச் சரிபார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கிருஹஜோதியில் மாதம் 200 யூனிட்டுக்கு உள்ளே மின்சாரம் இலவசம் என்பார்கள். ஆனால் எல்லோருக்கும் 200 யூனிட் என்பதில்லை. அந்த இணைப்பின் பழைய சராசரி உபயோகத்தோடு கொஞ்சம் கூட்டி வரும் அளவுதான் இலவசம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. பில்லில் இருக்கும் கணக்கு எண்ணோடு உங்கள் ஆதாரைக் கர்நாடக அரசின் 'சேவா சிந்து' இணையதளத்தில் இணைக்க வேண்டும். முந்தின குடித்தனக்காரர் தன் ஆதாரை விடுவிக்காமல் போயிருந்தால் உங்களுடையது ஏறாது. ஓனரை அவரிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் வீடு மாறும்போது மறக்காமல் விடுவித்துவிட்டுப் போங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் வருவாய்த் துறையின் நாடகச்சேரியில். ஊரில் பட்டியல் சாதிச் சான்று உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிழைக்க வந்ததால் கர்நாடக அரசின் இடஒதுக்கீடு தானாக வந்துவிடாது. மத்திய அரசு வேலை, படிப்புக்குத் தமிழ்நாட்டுச் சான்றே செல்லும். அதை லாமினேஷன் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

பள்ளி

மாற்றுச் சான்றிதழ் வர தாமதமானது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கவும் கூடாது. இரண்டும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளியில் தந்த 'எமிஸ்' மாணவர் எண்ணை வாங்கி வாருங்கள்; இங்கே 'சாட்ஸ்' என்ற வேறு எண் தருவார்கள். தமிழ் வழிப் பள்ளிகள் பெங்களூரில் இன்னும் இருக்கின்றன, அல்சூர், சிவாஜிநகர் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள். எங்கே சேர்த்தாலும் கன்னடம் ஒரு பாடமாக இருக்கும். பிள்ளைகள் ஆறே மாதத்தில் பேசிவிடுவார்கள், திணறுவது நாம்தான். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் போய் விசாரிப்பதும் வீண்போகாது.

உடம்பும் வேலையும்

காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், கர்ப்பப் பரிசோதனைக்கு வார்டு அளவில் நம்ம கிளினிக், இலவசம். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தப் பிரிவு என்று அலைய வேண்டாம். சிவாஜிநகர் பௌரிங், பிரசவத்துக்கு வாணி விலாஸ், பிள்ளைகளுக்கு நிம்ஹான்ஸ் பக்கம் இருக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை நம் ஆட்கள் அதிகம் போகும் இடங்கள். மனசு சரியில்லை, தூக்கமே வரவில்லை என்றால் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.

கட்டட வேலை செய்கிறவர்கள் கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால், 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால், கர்நாடகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். தலைமையகம் டெய்ரி சர்க்கிள் பக்கம், கல்யாண சுரக்ஷா பவனில். தமிழ்நாட்டு வாரிய அட்டை ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். மேஸ்திரியிடம் வேலைச் சான்று கேட்டால் தயங்குவார், விடாதீர்கள். ஆட்கள் அதிகம் வேலை செய்யும் பெரிய சைட்டில் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும் என்பது சட்டம். கேட்க ஆள் இல்லாததால் பல இடத்தில் இருக்காது. சம்பர்க் போன்ற தொண்டு அமைப்புகள் காப்பகமும் தொழிலாளர் உதவி மையமும் நடத்துகின்றன. வீட்டு வேலை, தள்ளுவண்டி, தையல் என்று இருப்பவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவாவது செய்துவையுங்கள்.

வீட்டுக்குள் ஆபத்து என்றால்

இதற்கு மேலே சொன்ன எந்த வரிசையும் கிடையாது. தாள் வேண்டாம், முகவரி வேண்டாம், கர்நாடகத்துக்காரராக இருக்க வேண்டாம். 181 அல்லது 112-க்கு அடியுங்கள்.

'சகி' மையங்கள் 2015-ல் நிர்பயா நிதியிலிருந்து தொடங்கியவை. அடிபட்ட பெண் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஓட்டம், ஸ்டேஷனுக்கு ஓர் ஓட்டம், வக்கீலுக்கு ஓர் ஓட்டம், இரவு எங்கே படுப்பது என்று ஓர் ஓட்டம் ஓடக் கூடாது என்பதற்காகவே மருத்துவம், போலீஸ் உதவி, ஆலோசனை, சட்ட உதவி, ஐந்து நாள் வரை தங்கும் இடம் ஆகியவற்றை ஒன்றாக வைத்தார்கள். 24 மணி நேரமும் இயங்க வேண்டியவை. போலீஸில் புகார் கொடுத்தால்தான் உதவி என்பது இல்லை. பேசிப் பார்க்க மட்டும் போகலாம், முடிவைப் பிறகு எடுக்கலாம். மொழி புரியவில்லை என்றால் தமிழ் பேசுகிறவரை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். எழுதிய வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்ஃபன்ட்ரி ரோட்டில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் 1999-ல் தொடங்கிய வனிதா சகாயவாணியும் குடும்பச் சண்டைகளுக்கு ஆலோசனை தருகிறது. வக்கீல் வைக்கக் காசில்லை என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அடிக்கலாம், நேரில் என்றால் எச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடம். பிள்ளைகளுக்கு 1098, வயதானவர்களுக்கு 14567.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியதும் உண்டு. "அண்ணன் கோபக்காரர்தான், அனுசரிச்சுப் போங்க அக்கா" என்று சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் ஆதாரையும் பாஸ்புக்கையும் உங்கள் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வெளியே வருகிறவர்கள் இவற்றைத்தான் எடுக்க முடியாமல் விட்டுவிட்டு வருகிறார்கள்.

கொடுத்த தாள் எங்கே போனது?

விண்ணப்பம் கொடுத்ததும் "ரசீதி கொடி மேடம்" (ரசீது கொடுங்க) என்று கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் முதல் வார்த்தை "நமஸ்கார" என்று கன்னடத்தில் வந்தால், அடுத்ததைத் தமிழில் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள். பெங்களூரில் இது பெரும்பாலும் பலிக்கும்.

கர்நாடகத்தில் 'சகால' என்று ஒரு சட்டம் 2012 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அதில் வரும் ஒவ்வொரு சேவைக்கும் இத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று கெடு உண்டு. ரசீதில் 15 இலக்க எண் இருக்கும். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய் வீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். அந்த இருபது ரூபாயை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் எண்ணோடு போய் "சகால கெடு தாண்டிடுச்சு சார்" என்று சொல்கிறவருக்கும், எண் இல்லாமல் "போன மாசம் குடுத்தேன்" என்கிறவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். எண்ணைப் போனில் படமெடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைபர் கடையில் விண்ணப்பம் போடுவது தவறில்லை, கூட்டம் குறைவு. ஒரிஜினலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் நம்பருக்குப் பதில் கடைக்காரர் நம்பரைப் போட விடாதீர்கள்.

அரசு அலுவலகங்களுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. கூலி போகாமல் இருக்க சனிக்கிழமை போகிறவர்கள் முதல் அல்லது மூன்றாம் வாரம் பார்த்துப் போங்கள். மதியம் வரிசை நின்றுபோனால் பக்கத்தில் இந்திரா கேன்டீன் இருக்கிறதா பாருங்கள். அதை 2017-ல் தொடங்கியபோது வைத்த விலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய்.